உட்கார்ந்திருப்போர்க்கான காலணி

முன்குறிப்பு: இது சற்று நீண்ட பதிவு. குளிர்காலத்தில் மலைப்பகுதிகளுக்குக் களப்பணிக்குச் செல்லவிருக்கும் ஆய்வாளர்களையும், அவர்களை அனுப்பிவைக்கும் நெறியாளர்களையும் மனத்திற்கொண்டு எழுதியது.

கடந்த வாரம் எங்கள் துறையில் அண்மையில் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், சனவரியில் ஸ்பிதிக்குச் செல்வதற்கான பொருட்பட்டியலை என்னிடம் காட்டினார். ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு மைக்ரோஃபோன்கள், கூடுதல் மின்கலங்கள், வன்தட்டு, சொற்பட்டியல், வினாநிரல் என எல்லாம் ஒழுங்காக இருந்தன. காலணி மட்டும் பட்டியலில் இல்லை. கேட்டதற்கு, "மலையேற்றக் காலணி ஒன்று இருக்கிறது, அதுவே போதுமல்லவா?" என்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் அதே சொற்களைத்தான் சொன்னேன். அதற்குக் கொடுத்த விலையைக் கருதியே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்நிலக் களப்பணியில் வெப்பக்காப்புள்ள காலணி ஓர் ஆய்வுக்கருவி; மைக்ரோஃபோனுக்கு உள்ள இடம் அதற்கும் வேண்டும். அதை நடப்பதற்காக அன்றி, அசையாமல் உட்கார்ந்திருப்பதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் செலவை ஆய்வாளரின் சொந்தச் செலவாகக் கருதும் வழக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் கைவிட வேண்டும்.

குளிர்காலத்தில் ஏன் செல்ல வேண்டும் என்று கேட்போர் உண்டு. ஸ்பிதியின் தலைமையிடமான காசா கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேல் உள்ளது. கோடை அங்கே குறுகியது. அந்தச் சில மாதங்களுக்குள் பட்டாணியும் வாற்கோதுமையும் விளைந்து வீடு சேர வேண்டும். ஆகவே கோடையில் எந்த வீட்டிலும் நமக்கென ஒதுக்க ஒரு மணி நேரம் இராது. வயலிலிருந்து திரும்பிய ஒருவரை நிறுத்திச் சொற்பட்டியலை வாசிக்கச் சொல்வது முறையும் அன்று. பனி விழுந்தபின்தான் கம்பளி நூற்கவும், நெய்யவும், கதை பேசவும் நேரம் வாய்க்கிறது. பின் பள்ளத்தாக்கின் புச்சென் எனப்படும் கலைஞர்கள் ஊர்தோறும் சென்று நாடகம் நிகழ்த்துவதும் குளிர்காலத்தில்தான். கோடையில் மட்டும் திரட்டிய தரவைக் கொண்டு எழுதும் இலக்கணத்தில் சொற்களும் வாக்கிய அமைப்புகளும் இருக்கும்; நீண்ட கதையாடல் குறைவாகவே இருக்கும். கதையாடல் குறைந்தால், இறந்தகால வினை வடிவங்களுக்கும், பேசுவோர் ஒன்றை நேரில் கண்டாரா கேட்டறிந்தாரா என்பதைக் காட்டும் ஒட்டுகளுக்கும் போதிய சான்றுகள் கிடைக்கமாட்டா. திபெத்திய மொழிக்குடும்பத்தில் பணியாற்றுவோர்க்கு இவ்விழப்பு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

என் முதல் குளிர்காலத்தில், பல்கலைக்கழக நிதியில் மிக நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்கப்பட்டது. காலணிக்கான கோரிக்கை "தனிப்பட்ட உடைமை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பெருநகரச் சந்தையில் மலிவாகக் கிடைத்த மலையேற்றக் காலணியை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். நடக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஏற்றத்தில் கால் வியர்க்கவும் செய்தது. "இது போதும்" என்று எண்ணிக்கொண்டேன்.

நான் பதிவு செய்த மூதாட்டியை ஊரார் எல்லோரையும் போல நானும் 'அபி' என்றே அழைத்தேன். பாட்டி என்று பொருள். வீட்டுக்குள் தந்தூர் அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகளின் இரைச்சல் மிகுதி என்பதால், வெயில் ஏறியபின் தட்டையான மொட்டைமாடியில், விறகும் வைக்கோலும் அடுக்கியிருந்த சுவரோரம் அமர்ந்து பேசுவோம். முகத்தில் வெயில் படும். கால்கள் நிழலில், உறைந்த மண் தரையில் இருக்கும். முதல் அரை மணியில் விரல்கள் வலிக்கும். பிறகு வலி நின்றுவிடும். வலி நின்றதை நலம் என்று நம்பினேன். உணர்விழப்பே அது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஒன்பதாம் நாள் விரல்கள் சிவந்து வீங்கின, அரித்தன, இரவில் எரிந்தன. சில்பிளெய்ன் என்றார் மருத்துவர். தோல் உறைந்துபோகும் பனிக்கடியைவிட இது சிறியது, ஆறிவிடும் என்றும் சொன்னார். ஆறியது. ஆனால் இரண்டு வாரம் காலணி அணிய இயலவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. ஒரு நீண்ட கதையின் நடுவில் அபி நிறுத்திவிட்டு என் கால்களையே பார்த்தார். நான் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். "உள்ளே போ, நாளைக்குச் சொல்கிறேன்" என்றார். மறுநாள் நான் செல்லக்கூடிய நிலையில் இல்லை. அந்தப் பருவத்தில் அக்கதையின் பிற்பகுதி எனக்குக் கிடைக்கவேயில்லை. என் கோப்பில் அந்தப் பதிவு இன்றும் பாதியோடு நிற்கிறது. பதிவின் ஒலித்தரத்தில் எந்தக் குறையும் இல்லை.

பிழை எங்கே என்பதை எனக்குச் சுட்டியவர் ஒரு வழிகாட்டி. 4,200 மீட்டர் உயரத்திலுள்ள கிப்பரைச் சுற்றிய மலைகளில் பனிச்சிறுத்தையைக் காண ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்வையாளர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு விலங்கைத் தேடித் தருவது அவர் பணி. என் காலணியைப் பார்த்து, "இது நடப்பவர் அணிவது. நீங்கள் உட்காருபவர் அல்லவா?" என்றார். அவர் அணிந்திருந்தது அடியில் ரப்பரும், மேலே தோலும், உள்ளே தனியே கழற்றக்கூடிய தடித்த ஃபெல்ட் உறையும் கொண்ட காலணி. வெளிநாட்டுப் பார்வையாளர் ஒருவர் விட்டுச்சென்றதாம். வட அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்கென வடிவமைக்கப்பட்ட காலணி அது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்கு வேட்டை குற்றம்; குற்றமாகவே இருக்கட்டும். ஆயினும் வேட்டைக் காலணியின் வடிவமைப்பு நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. மின்னசோட்டா போன்ற வடமாநிலங்களில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் நவம்பரில் வருகிறது. வேட்டைக்காரர் விடியுமுன் நடந்து சென்று, மரத்தில் கட்டிய மேடையில் ஏறி, மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கிறார். அசைந்தால் மான் ஓடிவிடும். நம் நிலையும் ஏறத்தாழ அதுவே. கதை சொல்பவருக்கு முன் நாம் எழுந்து நடந்து கால்களைச் சூடேற்றிக்கொள்ள இயலாது. ஒலிவாங்கிக்கு அருகில் காலைத் தட்டவும் இயலாது. மலையேறுபவரின் காலணியைவிட, காத்திருக்கும் வேட்டைக்காரரின் காலணியே களமொழியியலாளருக்குப் பொருந்துகிறது.

காரணம் எளிய உடலியல். அமைதியாக உட்கார்ந்திருக்கும் உடல் ஏறத்தாழ 100 வாட் அளவு வெப்பத்தை உண்டாக்குகிறது. ஏற்றத்தில் நடக்கும் உடல் அதைப்போல் நான்கைந்து மடங்கு உண்டாக்கும். வெப்பம் குறையும்போது உடல் தன் நடுப்பகுதியைக் காத்துக்கொள்வதற்காகக் கைகால்களின் இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. முதலில் கைவிடப்படுபவை கால்விரல்கள். காலணி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வருகிற வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. வருவது ஐந்தில் ஒரு பங்காகும்போது, நடைக்குப் போதுமாயிருந்த காப்பு இருப்புக்குப் போதாது.

இதற்கு வரலாற்றிலும் கொடிய சான்று உண்டு. 1950 குளிர்காலத்தில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் போரில் அமெரிக்க வீரர்கள் ரப்பர் அடியும் தோல் மேற்பகுதியும் கொண்ட ஷூபேக் காலணிகளை அணிந்திருந்தனர். அணிவகுத்து நடக்கையில் கால் வியர்த்து உள்ளே நனைந்தது. நின்று காவல் காக்கையில் அந்த ஈரம் உறைந்தது. பனிக்கடியால் பெருந்தொகையானோர் பாதிக்கப்பட்டனர். இதன் விளைவாகவே இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு இடையே கம்பளியை அடைத்து, வெளியீரமும் வியர்வையும் காப்புப் பொருளைத் தொடாதபடி செய்த புதிய காலணி படைக்கு வழங்கப்பட்டது. நடையிலிருந்து இருப்புக்கு மாறும் அந்தக் கணமே பேரிடர் தரும் கணம் என்பது இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. நான் தவறு செய்து கற்றவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, எண்களை வாசிக்கத் தெரிய வேண்டும். வேட்டைக் காலணிகளின் மேல் 200, 400, 800, 1000 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது காலணியின் எடையன்று. தின்சுலேட் போன்ற செயற்கை இழைக்காப்பு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். பொதுவாக 200 முதல் 400 வரை நடப்போர்க்கும், 800க்கு மேல் உறைகுளிரில் அசையாதிருப்போர்க்கும் உரியவை எனக் கொள்ளலாம். ஆனால் ஒரே எண் கொண்ட இரு காலணிகள் ஒரே அளவு வெப்பம் காக்கும் என்று கொள்ளக்கூடாது. தைப்பும், உயரமும், அடிப்பாகமும் வேறுபடும். "மைனஸ் 40 வரை" என்று நிறுவனங்கள் தரும் வெப்பநிலைக் குறிப்பை இன்னும் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். தொழிற்பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐஎஸ்ஓ 20345 தரத்தில் குளிர்காப்புச் சோதனை ஒன்று உண்டு. மைனஸ் 17 பாகையில் அரை மணி நேரம் வைத்தபின் உள்ளே வெப்பநிலை 10 பாகைக்கு மேல் குறையக்கூடாது என்பதே விதி. அந்தச் சோதனைக் காலணிக்குள் மனிதப் பாதம் இல்லை. நேரமும் அரை மணிதான். நமது நேர்காணலோ இரண்டு மணி நேரம்.

இரண்டாவது, அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் கால் வெப்பத்தைப் பெரிதும் கவர்வது உறைந்த தரை. பாதத்தின் அடியிலுள்ள காப்பு உடல் எடையால் நசுங்கி, தன்னுள் இருந்த காற்றை இழந்துவிடும். காப்பது அந்தக் காற்றுதான். ஆகவே எளிதில் நசுங்காத தடித்த ஃபெல்ட் உள்ளடி வேண்டும். தரையில் ஒரு துண்டுக் கம்பளத்தையோ நுரைப்பாயையோ விரித்து அதன்மேல் கால் வைப்பது, பல ஆயிரம் ரூபாய் காலணி செய்வதில் ஒரு பகுதியைச் செலவின்றிச் செய்துவிடும்.

மூன்றாவது, இறுக்கம் கூடாது. கம்பளிக் காலுறை அணிந்தபடி, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அணிந்து பார்த்து வாங்க வேண்டும். வழக்கமான அளவைவிட அரை அளவோ ஓர் அளவோ பெரியது தேவைப்படலாம். உள்ளே விரல்கள் தடையின்றி அசைய வேண்டும். குளிருக்கு அஞ்சி இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைப்படும். கால் மேலும் குளிரும். அந்தத் தவற்றை நான் ஒரு வாரம் முழுவதும் செய்தேன்.

நான்காவது, ஈரம். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்துகிறது. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி ஈரத்தை உறிஞ்சியும் ஓரளவு வெப்பம் காக்கும். நடந்து சென்று சேர்ந்தவுடன், உட்காருமுன், காலுறையை மாற்றிவிட வேண்டும். வேட்டைக்காரர்கள் பையில் மாற்றுக் காலுறை வைத்திருப்பது இதற்காகத்தான். உள்ளுறை தனியே கழன்றுவருவதாக இருத்தல் மிக இன்றியமையாதது: இரவில் அதை எடுத்து அடுப்புக்குச் சற்றுத் தள்ளி உலர்த்தலாம். உள்ளுறை தைத்தே இருக்கும் காலணி ஒருமுறை உள்ளே நனைந்தால் அந்த மலைக்குளிரில் பல நாள் காயாது.

கழன்றுவரும் உள்ளுறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வேட்டைக்காரர்களின் அறிவுரைகளில் இதனைக் காணமுடியாது. ஸ்பிதி வீடுகளில் காலணியை வாயிலில் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். வெளிக்கூட்டை வாயிலில் விட்டுவிட்டு, தூய உள்ளுறையோடு உள்ளே செல்லலாமா என்று வீட்டாரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். கேளாமல் செய்வது தகாது.

ஒரு மருத்துவ எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மரத்துப்போன காலை அடுப்பருகே நீட்டவோ, தேய்க்கவோ கூடாது. உணர்வற்ற தோல் வெந்துபோவதும் தெரியாது. தோல் வெளுத்துக் கெட்டியாகிவிட்டால் அது பனிக்கடி. காலணி பற்றிய அறிவுரைக்கு அங்கே இடமில்லை, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

"அங்குள்ள மக்கள் இத்தகைய விலையுயர்ந்த காலணியின்றித்தானே வாழ்கிறார்கள்?" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். அவர்கள் காலணியின்றி வாழவில்லை. காலணி பற்றிய நீண்ட அறிவோடு வாழ்கிறார்கள். லடாக்கின் 'பாபு' கம்பளி நெய்வால் ஆன மேற்பகுதியும் விலங்குத்தோல் அடியும் கொண்டது. காஷ்மீரின் 'புல்ஹோர்' நெல்வைக்கோலால் முடையப்பட்டது. குல்லுவின் 'பூலா' சணல்போன்ற நாரால் ஆனது. வடதுருவத்துச் சாமி மக்கள் கலைமான் தோல் காலணிக்குள் உலர்ந்த கோரையைத் திணித்து அணிந்தனர். இரவில் அதை எடுத்து உலர்த்தினர். கழன்றுவரும் ஃபெல்ட் உள்ளுறையின் முன்னோடி அந்தக் கோரைதான். இந்த அறிவு எதுவும் சமவெளியிலிருந்து செல்லும் ஆய்வாளரின் காலில் இல்லை. மேலும், இன்று அவ்வூர்களில் பலர் மலிவான ரப்பர் காலணிக்கு மாறிவிட்டனர். என்னைப் போலவே அவர்கள் விரல்களும் வீங்குகின்றன. நமக்கு உதவும் உள்ளூர்த் துணைவர்களும் நம்மோடு அதே மாடியில், அதே நேரம் உட்காருகிறார்கள். காலணிக்கான நிதி அவர்களையும் உள்ளடக்க வேண்டும் என்பது என் கருத்து.

"காலணி தனிப்பட்ட உடைமை, ஆய்வு முடிந்தபின் ஆய்வாளரே வைத்துக்கொள்வார்" என்பது நிதிப்பிரிவின் வாதம். இது பொருளற்ற வாதம் அன்று. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். அதற்கான தீர்வும் எளிது. ஒலிப்பதிவுக் கருவிகளைத் துறை வாங்கி, பதிவேட்டில் குறித்து, ஆய்வாளர்களுக்கு இரவல் தருவதைப் போலக் காலணிகளையும் வைத்துக்கொள்ளலாம். பல அளவுகளில் ஆறு இணைகள், ஒவ்வொன்றுக்கும் மாற்று உள்ளுறை ஒன்று. வெளிக்கூடு பல ஆண்டுகள் உழைக்கும். உள்ளுறை மட்டுமே ஆளுக்காள் மாறும். நான் இரண்டாம் குளிர்காலத்துக்கு வாங்கிய இணை 14,000 ரூபாய். என் உதவித்தொகையிலிருந்து அதைச் செலவிட்டேன். என் ஒலிப்பதிவுக் கருவியின் விலையில் அது பாதிகூட இல்லை.

செலவிட முடியாதவர் என்ன செய்கிறார் என்பதையும் எண்ணிப்பாருங்கள். அவர் கோடையில் மட்டும் செல்வார். அல்லது குளிர்காலத்தில் சென்று நேர்காணலைச் சுருக்கிக்கொள்வார். ஆய்வேட்டில் "போதிய கதையாடல்கள் கிடைக்கவில்லை" என்றொரு வரி வரும். அவ்வரியைப் படிக்கும் புறத்தேர்வாளருக்கு அதன் பின்னாலுள்ள கால்விரல்கள் தெரியமாட்டா. குடும்பத்தில் வசதியுள்ளவர் மட்டுமே குளிர்காலத் தரவைத் திரட்ட முடியும் என்றால், எந்த மொழி எவ்வளவு பதிவாகும் என்பதைப் பணம் தீர்மானிக்கிறது.

முடிக்குமுன் ஒரு சொல் பற்றி. ரப்பர் அடியும் தோல் மேற்பகுதியும் கொண்ட வேட்டைக் காலணியை 1912இல் மெய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் விற்கத் தொடங்கினார். முதல் 100 இணைகளில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, காலணியைத் திருத்தி மீண்டும் விற்றார். இவ்வகைக் காலணிக்கு ஆங்கிலத்தில் 'ஷூபேக்' என்றும், சுருக்கமாகப் 'பேக்' என்றும் பெயர். முதலசையில் ஆங்கிலச் சொல் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது டெலவேர் ஆற்றுப்பகுதியின் பூர்வகுடி மொழியான உனாமியில் காலணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கேட்ட ஆங்கிலேயர் தம் மொழிச் சொல்லை அதில் கண்டு, ஒலியைத் திருத்திக்கொண்டனர். வகுப்பறையில் நாம் கற்பிக்கும் மக்கள் சொற்பிறப்புக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. உனாமியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 2002இல் காலமானார். காலணியின் பெயரில் ஒரு துணுக்கு மட்டும் உலகச் சந்தையில் வழங்குகிறது.

யுனெஸ்கோவின் 2010ஆம் ஆண்டு அட்டவணை இந்தியாவில் 197 மொழிகளை அழிவாபத்தில் உள்ளவையாகக் குறித்தது. அவற்றுள் கணிசமானவை இமயமலைச் சரிவுகளில் பேசப்படுகின்றன. அவற்றைப் பதிவு செய்யச் செல்வோர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு கதையை முழுமையாகக் கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். அதற்குத் தேவையானவற்றில் ஒன்று நல்ல காலணி. இவ்வளவுதான் நான் கேட்பது.

அபி நலமாக இருக்கிறார். இரண்டாம் குளிர்காலத்தில் அதே மாடியில் அமர்ந்து அந்தக் கதையை மீண்டும் சொன்னார். ஆனால் அது வேறு வடிவம். முதல் வடிவத்தின் முடிவு அவருக்கே நினைவில்லை.

உங்கள் துறைகளில் களக்காலணி, குளிராடை ஆகியவற்றுக்கு நிதி தரும் நடைமுறை உண்டா? இருந்தால் எந்தத் தலைப்பின்கீழ், எவ்வாறு ஒப்புதல் பெறப்பட்டது என்று தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த துறைக்கூட்டத்தில் முன்வைக்க எனக்கு முன்னுதாரணங்கள் தேவைப்படுகின்றன. சனவரி தொலைவில் இல்லை.